துளசிக்கு 40 வாட் விளக்கு

இரண்டு விண்டரில் இரண்டு கறிவேப்பிலைக் கன்றைச் சாகக் கொடுத்து, மூன்றாவதும் அதே வழியில் வெளிக்கிட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஒவ்வொரு முறையும் கதை ஒரே மாதிரித்தான் தொடங்கும். கார்த்திகை முடிய அடி நெட்டு மஞ்சளாகும். மார்கழியில் பக்கத்தால் போகும்போது கை பட்டால் இலைகள் பொலபொலவென்று கொட்டும், வெறும் நெட்டு மட்டும் கொம்பில் குத்திக்கொண்டு நிற்கும். தை பிறக்கும்போது சாடிக்குள் ஒரு குச்சி மிஞ்சும்.

நாங்கள் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில், ஒரு அடுக்குமாடியின் 11ஆம் தளம். கோடையில் பல்கனியில் கறிவேப்பிலை, துளசி, கற்பூரவள்ளி, ஒரு நீட்டுச் சாடியில் கொத்தமல்லி. செப்டம்பர் கடைசியில் இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் எல்லாம் ஹோலுக்குள் வந்து யன்னல் கரையில் வரிசையாக நிற்கும். அதற்குப் பிறகு வீட்டில் மூன்று வைத்தியர்கள். "கன்றுக்குச் சூடு காணாது" என்று அம்மா சாடியைத் தூக்கி ஹீற்றருக்குப் பக்கத்தில் வைப்பார். மனைவிக்குப் பசளையில் நம்பிக்கை. நான் தண்ணீர்க் கட்சி. போன தை மாதம் மூன்று வைத்தியமும் ஒரே கிழமையில் நடந்தது. மண் சகதியாகி, அதிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பி, தேத்தண்ணிக் கோப்பைக்குள் விழத் தொடங்கின. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரில் பாதி மண்ணிறமாகி, பிடித்து இழுக்கத் தோல் கழன்று வந்தது.

வெளிச்சம் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை. ஹோலில் பகல் முழுக்க லைற் போடாமல் பேப்பர் வாசிக்கலாம். பிறகென்ன வெளிச்சக் குறை?

கண் ஏமாற்றுகிற இடம் அதுதான். வெளியே இருக்கிற வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குதான் உள்ளே இருக்கிறது என்றாலும் கண்மணி விரிந்து, விழித்திரையும் பழகிச் சமாளித்துவிடும், நாங்கள் வித்தியாசத்தை உணர மாட்டோம். செடிக்கு அப்படி விரிக்க ஒன்றுமில்லை. போனில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவை, அளக்கிற இலவச ஆப் ஒன்றை இறக்கி, திரை மேலே பார்க்கச் சாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போனின் சென்சர் ஆய்வுகூடக் கருவி அல்ல, ஒரு போனுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல வித்தியாசம் காட்டும். ஆனால் ஒரே போனால் இரண்டு இடத்தை ஒப்பிடுவதற்கு அது தாராளமாகக் காணும்.

முகில் மூடிய ஒரு நாள், மத்தியானம் 12 மணி. யன்னல் கரையில் 2,100 லக்ஸ். அங்கிருந்து ஒரு மீற்றர் உள்ளே, சாப்பாட்டு மேசையில் 350. பல்கனிக் கதவைத் திறந்து கையை வெளியே நீட்டினால், அதே முகிலுக்குக் கீழே 9,000க்கு மேல். கோடை வெயிலில் திறந்தவெளியில் ஒரு இலட்சம் லக்ஸ் வரை போகும். அம்மா ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்த மூலையில் எவ்வளவு என்று பார்த்தேன்: 140. கறிவேப்பிலையை நாங்கள் ஒரு அலுமாரிக்குள் பூட்டி வைத்து, மேலே தண்ணீரும் பசளையும் ஊற்றியிருக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் டிசம்பர் 21ஆம் திகதி மத்தியானச் சூரியன் கிட்டத்தட்ட 57 பாகை உயரத்தில் நிற்கும், பகல் பதினொன்றரை மணித்தியாலம். அதே நாள் ரொறன்ரோவில் சூரியன் ஏறுகிற உச்சமே 23 பாகைதான், பகல் 9 மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. எங்கள் யன்னல் கிழக்குப் பார்த்தது. தென்கிழக்கில் இன்னொரு மாடிக் கட்டடம் நிற்கிறது. விண்டரில் சூரியன் எழும்புவதே தென்கிழக்கில்தான், ஆகவே அந்தக் கட்டடத்தைத் தாண்டி வரும் நேரத்துக்கு அது எங்கள் யன்னலைவிட்டு விலகிவிடும். மிச்சத்தில் ஒரு பங்கை இரட்டைக் கண்ணாடி எடுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் விளங்கியதும் பதறிப்போய் அன்றிரவே இணையத்தில் ஒரு 'செடி லைற்' வாங்கினேன். எந்தக் கொம்பனி என்பதை விடுங்கள், எல்லாரும் ஒரே மாதிரித்தான் விற்கிறார்கள். பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுவரில் மாட்டி அளக்கிற வாட் மீற்றரில் செருகிப் பார்த்தேன். 68 வாட். அதுகூடப் பரவாயில்லை. பற்றவைத்ததும் ஹோல் முழுக்க ஊதா நிறம். சோறு ஊதா, அம்மாவின் தலைமயிர் ஊதா.

மூன்றாம் நாள் லிஃப்டுக்குள் ஐந்தாம் மாடி அண்ணை பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உம்மட வீட்டிலதானே அந்த ஊதா லைற் எரியுது? பார்க்கிங்கில நிண்டு பார்த்தாலே தெரியுது. என்ன, கஞ்சாவே வளர்க்கிறீர்?"

"இல்லையண்ணை, கறிவேப்பிலை."

அவர் நம்பவில்லை. 2018 ஒக்டோபரிலிருந்து இங்கே கஞ்சா சட்டப்படி சரி, ஒன்ராறியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரைக்கும் வைக்கலாம், ஆகவே நான் பொய் சொல்லத் தேவையில்லை என்பதையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். "கறிவேப்பிலைக்கு ஆரும் இவ்வளவு பாடுபடுவினமே, கடையில ஒரு பை வாங்கினால் முடிஞ்சுது" என்றபடி இறங்கிப் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கு. ஆனால் பெப்ரவரியில் கடைப் பையைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதி கறுத்த இலை.

ஊதா லைற்றில் செடி வளராது என்று நான் சொல்லவில்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகமாக உறிஞ்சும் என்பதால் அந்த இரண்டு நிறத்தை மட்டும் போட்டுச் செய்த லைற் அது. அதற்குக் கீழே என் கன்று உயிர் பிழைத்தது, இரண்டு புதுத் தளிர்கூட விட்டது. பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. மாசி முடிவில் சாடிக்குக் கீழே தரை பிசுபிசுவென்று ஒட்டியது. யாரோ சோடா ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்துத் துடைத்தேன். அடுத்த நாளும் அதே ஒட்டல். லைற்றை நிறுத்தி, செடியைக் குசினிக்குக் கொண்டுபோய் வெள்ளை லைற்றில் பார்த்தால், தண்டு முழுக்க மண்ணிறத்தில் சின்னச் சின்னப் பொருக்கு. செதிள் பூச்சி. சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒன்றை ஒழுகவிடும், தரையில் ஒட்டியது அதுதான். ஊதா வெளிச்சத்தில் இலையின் உண்மையான நிறமே தெரியாதபோது, தண்டில் ஒட்டிய பூச்சி எங்கே தெரியும்? ஒன்றரை மாதமாகத் தினமும் அந்தச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றையும் காணவில்லை. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து ஒவ்வொரு கொம்பாக உரசி எடுத்தேன். குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னன் என்பதால் கிழமைக்கு ஒரு தடவை, ஐந்து கிழமை உரச வேண்டியிருந்தது.

அந்தக் கோடையில் இன்னொரு பிழை. மே மாதம் 24ஆம் திகதி வாக்கில் எல்லாரும் செடி வெளியே வைக்கிற நேரம், நானும் நல்ல வெயில் நாள் பார்த்துக் கறிவேப்பிலையைப் பல்கனிக்குக் கொண்டுபோனேன். அது பல்கனி மூலைக்குக் காலை வெயில் நேராக அடிக்கிற நேரம். பின்னேரம் பார்த்தால் புதுத் தளிர் எல்லாம் வெள்ளைத் தாள் மாதிரி வெளுத்துப் போயிருந்தது. வீட்டுக்குள் விட்ட இலைக்கு வெயிலைத் தாங்கப் பழக்கம் இல்லை. முதல் மூன்று நாள் முழு நிழல், பிறகு காலையில் ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு என்று பத்து நாளில் பழக்க வேண்டியது.

இந்த விண்டருக்கு ஒக்டோபர் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பித்தேன்.

கராஜ்களில் தொங்கவிடுகிற சாதாரண இரட்டை ரியூப் எல்ஈடி லைற் ஒன்று, 4 அடி நீளம், 40 வாட், 5,000 லூமன், வெள்ளை நிறம் 5000 கெல்வின். பெட்டியில் செடிப் படம் எதுவும் இல்லை. வாங்கும்போது நான் பார்த்தது லூமனை, அதாவது லைற் மொத்தமாக விடுகிற வெளிச்சத்தின் அளவை மட்டும்தான், '100 வாட்டுக்குச் சமம்' மாதிரியான வாசகங்களை ஒதுக்கிவிட்டேன். வெள்ளை எல்ஈடியில் செடிக்குத் தேவையான சிவப்பும் நீலமும் இருக்கிறது, பச்சையும் வீணில்லை, அது இலைக்குள் ஆழமாக இறங்கி அடியில் இருக்கிற கலங்களுக்கும் வேலை கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பூச்சி வந்தால் தெரியும்.

அந்த லைற்றைக் கம்பி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இரண்டு சங்கிலியில் தொங்கவிட்டேன். சங்கிலிதான் இந்த வேலையில் முக்கியமான சாமான். கம்பியில் இறுக்கிக் கட்டினால் செடி வளர வளர லைற்றை ஏற்ற மாட்டோம், பஞ்சியில் விட்டுவிடுவோம். சங்கிலி என்றால் கொக்கியை ஒரு வளையம் மேலே மாற்றினால் முடிந்தது. லைற்றின் தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அளக்கும்போதுதான் கண்டேன். லைற்றுக்குக் கீழே 15 சென்ரிமீற்றரில் 13,000 லக்ஸ். 30 சென்ரிமீற்றரில் 7,200. 60இல் 3,000க்கு வந்துவிட்டது, அதாவது எங்கள் யன்னல் கரைக்கு அண்ணன் முறை, அவ்வளவுதான். ரியூப்பின் நடுப்பகுதியைவிட இரண்டு முனையிலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் வெயில் கேட்கிற துளசியும் கறிவேப்பிலையும் நடுவில், எதற்கும் கோபிக்காத கற்பூரவள்ளி ஓரத்தில்.

உயரம் ஒரு தலையிடி. கறிவேப்பிலை இரண்டடிக்கு வளர்ந்திருந்தது, துளசி அதில் பாதி. லைற்றை உயரமான செடிக்கு மேலே வைத்தால் குட்டைச் செடிக்கு ஒன்றும் கிடைக்காது. கறிவேப்பிலையை உள்ளே எடுக்கும்போதே ஒன்றரை அடிக்கு வெட்டிவிட்டேன் (அம்மா இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை), துளசியைக் கவிழ்த்த ஐஸ்கிரீம் டப்பாக்களின் மேல் ஏற்றினேன். எங்கள் சனத்தின் வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பஞ்சமா?

மூன்று பக்கமும் டொலர் கடை வெள்ளை ஃபோம் போர்ட். ஓரத்தில் நின்ற செடிக்கு 4,800 இருந்தது 6,500 ஆகியது, மூன்று டொலர் செலவில். அலுமினியத் தாள் ஒட்டச் சொல்கிறவர்களும் உண்டு, ஒட்டியும் பார்த்தேன். கசங்கின இடமெல்லாம் ஒரு மாதிரி மினுங்கி, அளவில் வெள்ளைப் போர்ட்டைவிடக் கூடாமல், சமையலறைக் குப்பை மாதிரி இருந்தது. கழற்றிவிட்டேன்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே அலுமாரியில் என்பதால் இரண்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிளக் கட்டை தரையில் கிடக்கக்கூடாது, அலுமாரியின் பக்கக் கம்பியில், சாடிகளுக்கு மேலே கட்டியிருக்கிறேன். லைற்றிலிருந்து வருகிற வயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல், பிளக்கைவிடக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலே ஏறும். வயர் வழியாகத் தண்ணீர் ஒழுகினாலும் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது.

இனி எத்தனை மணித்தியாலம் எரிய வேண்டும் என்ற கணக்கு. லக்ஸ் சொல்வது அந்த நிமிடத்தில் மழை எவ்வளவு இறுக்கிப் பெய்கிறது என்பதை. செடிக்கு வேண்டியது நாள் முடிவில் வாளியில் எவ்வளவு சேர்ந்தது என்பது. வெள்ளை எல்ஈடி என்றால் லக்ஸைச் சுமார் 70ஆல் வகுத்தால், செடி பயன்படுத்தக்கூடிய ஒளி ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று கிட்டத்தட்ட வரும் (சூரிய வெளிச்சத்துக்கு 54ஆல் வகுக்க வேண்டும்). மோல் என்பது ஒளித்துணிக்கைகளை எண்ணுகிற அலகு, பத்து இலட்சம் மைக்ரோமோல் ஒரு மோல். 13,000ஐ 70ஆல் வகுக்க 185. மணித்தியாலத்துக்கு 3,600 செக்கன், 16 மணித்தியாலம் எரிந்தால் நாளுக்கு 10.7 மோல். துளசி வகைகளுக்கு நாளுக்கு 10, 12 மோல் இருந்தால் ஒழுங்காக வளரும். சரி, யன்னல் கரையில் என் பழைய கன்றுகளுக்கு என்ன கிடைத்தது? மத்தியான 2,100 லக்ஸை நாள் முழுக்கச் சராசரியாகப் பாதி என்று வைத்து, 8 மணித்தியாலத்துக்குப் பெருக்கினேன். 0.6 மோல். கல்குலேற்றரைத் திரும்ப ஒருமுறை தட்டிப் பார்த்தேன், அதே எண்தான். கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்குச் சாப்பாட்டில் மூன்று மாதம் நின்றிருக்கிறது அந்தக் கன்று.

காலை 5 மணிக்குப் பற்றி இரவு 9 மணிக்கு அணைகிற மாதிரி ஒரு ரைமர் போட்டேன். சுற்றிவர 96 குட்டிப் பற்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம், அமத்தின பல்லுக்கு லைற் எரியும். மலிவு, பழுதாக ஒன்றுமில்லை என்று பெருமையாக இருந்தேன். டிசம்பர் நடுவில் ஒருநாள் இரவு 12 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழும்பினால் ஹோல் கல்யாண வீடு மாதிரி எரிகிறது. அம்மா செற்றியில் குந்திக்கொண்டிருக்கிறார்.

"உது இரவிலையும் எரியோணும் எண்டு நீதானே வைச்சனி? ஒரு கிழமையா இப்படித்தான். அதுகளும் நித்திரை கொள்ளுறேல்லை, நானும் நித்திரை கொள்ளுறேல்லை."

ரைமரைப் பார்த்தேன். நேரம் 9 மணிக்குக் கிட்ட என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. பிறகுதான் பிடிபட்டது: சனிக்கிழமைகளில் மனைவி வாக்யூம் பிடிக்கும்போது அந்தப் பிளக்கில்தான் செருகுவார். ரைமரைக் கழற்றி அரை மணித்தியாலம் வெளியே வைத்தால், உள்ளே பற்றரி இல்லாத அந்தச் சாமான் அரை மணித்தியாலம் நின்றுவிடும். ஐந்து, ஆறு சனிக்கிழமைகளில் அது மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குப் பதினாறு மணித்தியாலம் பதினாறுதான், எப்போது தொடங்கினால் என்ன. மனிதர்களுக்குத்தான் கண் வீங்கியிருந்தது. அந்தப் பிளக்குக்கு மேலே "கழற்ற வேண்டாம்" என்று ஒட்டியிருக்கிறேன்.

ஹைட்ரோ பில்லை, அதாவது மின்சாரக் கட்டணத்தைப் பற்றி எல்லாரும் கேட்பதால்: 40 வாட், 16 மணித்தியாலம், 30 நாள் என்றால் 19.2 யூனிற். மாதம் இரண்டு மூன்று டொலர். மலிவான நேரம் இரவு 7 முதல் காலை 7 வரை என்பதால் இரவில் எரியவிட்டு மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்தேன், ஒரு டொலர்கூட மிஞ்சாது. அம்மாவின் நித்திரை அதைவிடப் பெறுமதி.

விளைச்சல் எப்படி? துளசிதான் முதலில் காட்டியது. யன்னலில் நின்ற காலத்தில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நான்கு விரல் இடைவெளி, கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நிற்கும். இப்போது இடைவெளி ஒரு விரல், இலை தடிப்பு, தொட்டாலே மணம். பூங்கொத்து வரவர நுனியைக் கிள்ளிவிடுகிறேன். கற்பூரவள்ளி ஓரத்தில் நின்றே அலுமாரியை விட்டு வெளியே வழிகிறது. தடிமன் வந்தால் இரண்டு இலை, மிச்ச நாளில் பஜ்ஜி.

கொத்தமல்லியில் தோற்றேன். அதையும் அதே 16 மணித்தியால லைற்றில் வைத்தேன், கூடுதல் வெளிச்சம் எல்லாருக்கும் நல்லதுதானே என்று. ஆறாவது கிழமையே இலை நூல் நூலாக மெலிந்து, நடுவால் ஒரு தண்டு கிளம்பிப் பூத்துவிட்டது. நீண்ட பகலைக் கண்டால் கோடை வந்துவிட்டது, விதை போட வேண்டும் என்று அவசரப்படுகிற செடி அது. சூட்டையும் விரும்பாது. இப்போது கீழ்த்தட்டில், சூடு குறைந்த இடத்தில், பழைய மேசை லைற் ஒன்றுக்குக் கீழே 11 மணித்தியாலம் மட்டும். இரண்டாவது விதைப்பு எட்டுக் கிழமையாக இலையாகவே நிற்கிறது.

கறிவேப்பிலை அவசரப்படவில்லை. நவம்பர் முழுக்கச் சும்மா நின்றது, நான்கைந்து நெட்டைக் கொட்டியது. யன்னல் கரையில் மண்ணுக்குள் குத்தின வெப்பமானி 14 பாகை காட்டியிருந்தது, அந்தக் குளிரில் இந்த வேர் வேலை செய்யாது. அலுமாரித் தட்டில் 21. அம்மா சொன்ன சூட்டுக் கதையிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது, சொல்லிவிட்டேன், அவருக்குச் சந்தோஷம். டிசம்பர் கடைசியில் வெட்டின இடத்துக்குக் கீழே மூன்று கண் வீங்கியது. ஜனவரி நடுவில் மூன்றும் கொம்பு.

தளிர் வரும்வரை ஒரு துளி பசளை போடவில்லை. தண்ணீருக்கு ஒரே சோதனை, விரலை இரண்டாவது மடிப்பு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பது. விசித்திரம் என்னவென்றால், போன வருடம் பத்து நாளானாலும் காயாத அதே சாடி இப்போது நான்கு நாளில் காய்கிறது. வெளிச்சம் இல்லாத செடி குடிப்பதில்லை, நாங்கள்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். ஹீற்றர் காற்றில் வீட்டு ஈரப்பதன் 24 சதவீதத்துக்கு இறங்குகிறது, சிலந்திப் பேனுக்குக் கொண்டாட்டம். இலைக்குத் தண்ணீர் தெளிப்பது பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் வேலை, நான் செய்வதில்லை. கிழமைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் படத் தண்ணீர் அடிக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மா துளசிக்கு முன்னால் சின்ன விளக்கு ஏற்றுவார். ஊரில் முற்றத்தில், இங்கே கம்பி அலுமாரிக்கு முன்னால். போன வெள்ளி திரியைத் தூண்டிவிட்டு, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"அந்த லைற்றைக் கொஞ்சம் நிப்பாட்டடா, விளக்கு எரியிறதே தெரியேல்லை."

ரைமர்ப் பிளக்குக்குக் கை போனது. ஒட்டியிருந்த தாளை வாசித்துவிட்டு, லைற்றில் தொங்குகிற சங்கிலிச் சுவிச்சை இழுத்தேன்.